கோணல் எழுத்து

அமராவதிபுதூர்
14.7.2024

அன்பு மலையம்மாவுக்கு,

உன் மதினி உமையாள் எழுதுவது. நீயும் மகன் வேல்பாண்டியும் மருமகளும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல் ஏதுமில்லாமல் இருக்கிறீர்களா? கோயம்புத்தூரில் மழை விடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். ஈரத்தில் நிற்காதே.

இருபத்தாறு வருஷம் நூல் மில் இரைச்சலுக்குள் நின்று காதைத் தொலைத்துவிட்டு வந்தாய். போனில் நான் தொண்டை கிழியக் கத்துவதும், நீ அங்கிருந்து "என்னது, என்னது" என்பதும், இரண்டு பக்கமும் சிரிப்பாய்ச் சிரிப்பதும் போதும். இனிமேல் நமக்குக் கடிதம்தான். அதில் ஒரு சௌகரியம், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. போன கார்த்திகையில் இடது மார்பை எடுத்ததும், ஆறு ஊசி போட்டதும், முடி கொட்டியதும் நீ அறிந்ததுதானே. இப்போது முடி ஒரு விரற்கடை முளைத்திருக்கிறது. ஊசியெல்லாம் முடிந்து ஒரே ஒரு மாத்திரைதான். தினமும் ஒன்று, ஐந்து வருஷத்துக்கு. கட்டி திரும்பி வராமல் காவல் இருப்பது அதுதான், ஒருநாளும் விடக்கூடாது என்று மதுரை டாக்டரம்மா துர்காதேவி சொல்லி அனுப்பினார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் இவ்வளவு சேட்டையா என்று இருக்கிறது. விரல் கணுவெல்லாம் துருப்பிடித்த கீல் மாதிரி மடங்க மறுக்கிறது. காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். தூக்கமும் போய்விட்டது.

ரேணுகா சென்னையிலிருந்து தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்து, "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்கிறாள். "போட்டாச்சு" என்கிறேன். அதற்குமேல் அவளுக்கும் நேரமில்லை, எனக்கும் விஷயமில்லை. உன் அண்ணன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவருடைய டி.வி.எஸ். வண்டி கொல்லைப்பக்கம் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கிறது. விற்றுவிடு என்கிறார்கள். பார்ப்போம்.

உன் காதையும் கால் வீக்கத்தையும் பற்றி எழுது.

உன் மதினி,
உமையாள்

கோயம்புத்தூர்
24.7.2024

மதினிக்கு மலையம்மா கும்பிட்டு எழுதிக்கிறது. காதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. கால் வீக்கம் வடிஞ்சிருச்சு. எனக்கு எழுதுறதும் பேசுறதும் ஒன்னுதான், பிழை இருந்தா நீங்க பத்தாவது படிச்சவுக, திருத்திப் படிச்சுக்கிருங்க.

உங்க எழுத்தைப் பார்த்தேன். கவர் மேல இருந்த விலாசத்தைத் தபால்காரரே ரெண்டு தடவை படிச்சாராம். எப்பேர்ப்பட்ட எழுத்து! கல்யாணமான புதுசுல பால் கணக்குகூட அச்சடிச்ச மாதிரி எழுதுவீகளே. மனசு சங்கடமாப் போச்சு.

ஆனா மாத்திரையை மட்டும் விட்டுராதீக. வலிக்கு நான் வழி பண்றேன். நொச்சி இலை போட்டு நல்லெண்ணெய் காய்ச்சியிருக்கேன். இங்க பக்கத்து வீட்டம்மா முழங்காலுக்கு அதைத் தேச்சுத்தான் மாடிப்படி ஏறுறா. வேல்பாண்டிகிட்ட ஒரு பாட்டில் குடுத்துக் கொரியர்ல போடச் சொல்லியிருக்கேன். வந்ததும் லேசா சூடு பண்ணித் தேய்ங்க.

தூக்கம் வரலைன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னீகளா இல்லையா? அதை எழுதவே இல்லையே. உங்களைத் தெரியும் எனக்கு. பிரசவ வலியிலயே "ஒன்னும் இல்லை, லேசாத்தான்"னு சொன்ன ஆளு.

வண்டியை விக்காதீக. அண்ணன் அதை எனக்குக்கூடத் தொடக் குடுத்ததில்லை. பேரப்பிள்ளைக உங்களைக் கேக்குதுக. உடம்பைப் பார்த்துக்கிருங்க.

இப்படிக்கு,
மலையம்மா

அமராவதிபுதூர்
20.8.2024

அன்பு மலையம்மாவுக்கு,

இங்கே வெயில் இறங்கி நாலு தூறல் விழுந்தது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய எண்ணெய் வந்தது. வாசனையே பாதி வைத்தியம். தேய்த்துக்கொள்கிறேன். எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

தூக்கமும் வருகிறது. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுத் தலையைச் சாய்த்தால் கண் சொக்குகிறது. அப்படி ஒரு மத்தியானம்தான், மலையம்மா, உன் அண்ணன் வந்தார். மின்வாரியக் காக்கிச் சட்டை, தோளில் லைன்மேன் தோல்பை, பாண்டி ஆட்டம் ஆடும் பிள்ளை மாதிரி ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி வண்டியில் உட்கார்ந்திருந்தார். வாசல் கேட்டுக்கு வெளியேதான். உள்ளே வரவில்லை. வண்டி உறுமிக்கொண்டே இருந்தது, ஆனால் புகையே இல்லை. நான் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தேன். அரிசியா, வேப்பம்பூவா, தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். அவ்வளவுதான். எழுந்து முகம் கழுவிய பிறகும் அந்த வண்டிச் சத்தம் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் இருந்தது.

மூன்று வருஷத்தில் இப்போதுதான் வருகிறார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கதம்பம் வாங்கிப் படத்துக்குப் போட்டேன். பக்கத்தில் நீ இருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

ரேணுகா வழக்கம்போல ஆறு மணிக்குப் போன் செய்கிறாள். மருமகளை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் மதினி,
உமையாள்

கோயம்புத்தூர்
29.8.2024

மதினிக்கு மலையம்மாவின் கும்பிடு. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். சின்னவனுக்குப் பல் விழுந்திருச்சு, அது ஒன்னுதான் இங்க விசேஷம்.

கவரைக் கையில வாங்கினதும் எனக்குச் சிரிப்புத் தாங்கலை. முத்து முத்தா எழுத்து! எங்க வீட்டு எண்ணெய் எப்படி வேலை செய்யுது பார்த்தீகளா? உங்க ரெண்டு கடுதாசியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மருமகளுக்குக் காட்டினேன். "இதைப் பாட்டில்ல அடைச்சு விக்கலாம் அத்தை"ன்னு எழுதிக் காட்டுறா.

ஆனா அண்ணன் மேல எனக்குக் கோவம். ஒரே தங்கச்சி நான். தூக்கி வளர்த்த அண்ணன். என் கனவுல ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்திருக்கா? பொஞ்சாதின்னா உடனே வண்டியை எடுத்துக்கிட்டு வந்திருது. வந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க.

விளையாட்டுக்குச் சொல்லலை, ஒன்னு கேக்கணும். உங்களைக் கூப்பிட்டுச்சா? செத்தவுக கனவுல வரலாம், சிரிக்கலாம், சோறு கேக்கலாம். கூப்பிட்டா மட்டும் போகக்கூடாது. நம்ம பக்கத்துல பச்சைப்பிள்ளைக்கும் தெரிஞ்சதுதான், நான் உங்களுக்குச் சொல்லணுமா? பார்த்துட்டு முழிச்சுக்கிருங்க.

மாத்திரையைப் பத்தி இந்தத் தடவை ஒரு வரிகூட இல்லையே. ரேணுகா போன் பண்றா, சரி. நீங்க போடுறீகளா?

எண்ணெய் தீர்ந்தா எழுதுங்க.

மலையம்மா

அமராவதிபுதூர்
26.9.2024

அன்பு மலையம்மாவுக்கு,

சின்னவனுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டதா? இங்கே நான் நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கொஞ்ச நாளாக நான் எங்கோ இருப்பது போல இருக்கிறது. பால்காரர் வந்து மணி அடித்தால் எந்த ஊர் மணி என்று யோசிக்கிறேன்.

அவர் தினமும் வருகிறார். கூப்பிட்டாரா என்று கேட்டிருந்தாய். அப்படிச் சொல்ல முடியாது. பின் சீட்டைக் கையால் தட்டித் துடைத்தார். "எங்குட்டுப் போறீக?" என்று கேட்டேன். "சும்மா, அங்குட்டு வரைக்கும்" என்றார். அது கூப்பிடுவதாகுமா?

உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாள் ஊருணி வரைக்கும் போனோம். தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது. அடுத்த நாள் பெரிய வீடுகள் இருக்கும் தெரு. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற வீடுகளில் அன்றைக்கு எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. எல்லா ஜன்னலிலும் யாரோ நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் மெயின் ரோடு. பட்டப்பகலில் தெரு விளக்கெல்லாம் எரிந்தது. "இம்புட்டும் நான் போட்ட லைட்டு, உமையா" என்றார். குரலில் அந்தப் பழைய பெருமை.

நான் கல்யாணம் முடிந்து மறுவீடு போன மயில்கழுத்துச் சேலை கட்டியிருந்தேன். ரவிக்கை இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று பயமாக இருந்தது. மலையம்மா, ஒரு வருஷமாக நான் கண்ணாடி முன்னால் சேலை மாற்றியதில்லை. அந்த வண்டியில் மட்டும் எனக்கு என் உடம்பு இருக்கிறது.

மாத்திரையைக் கேட்டிருந்தாய். மாத்திரை வீட்டில் இருக்கிறது. போன வாரம்கூட மருந்துக்கடையில் ஒரு மாதத்துக்கு வாங்கி வந்தேன்.

வேல்பாண்டிக்கு என் ஆசி.

உமையாள்

கோயம்புத்தூர்
12.10.2024

மதினிக்கு மலையம்மா எழுதுறது. நல்லா இருக்கீகளான்னு கேக்கலாமா வேண்டாமான்னே தெரியலை.

நேத்து ஆயுத பூஜை. வேல்பாண்டி ஸ்கூட்டரைக் கழுவிப் பொட்டு வைக்கிறதுக்காக சீட்டைத் தூக்கினான். உள்ள இருந்து ஒரு பாட்டிலை எடுத்து என்கிட்ட நீட்டிட்டுத் தலையைச் சொறிஞ்சான். எண்ணெய், மதினி. நான் ஜூலை மாசம் உங்களுக்குன்னு காய்ச்சி, துணி சுத்திக் குடுத்த அதே பாட்டில். கொரியர்க்காரர் எண்ணெயெல்லாம் எடுக்க மாட்டோம்னாராம். பிறகு பார்க்கலாம்னு சீட்டுக்கு அடியில வச்சவன் மறந்தே போனான்.

எண்ணெய் இங்க இருக்கு. வலி அங்க எப்படிப் போச்சு?

நான் மக்கு. எழுத்து நேரானதைப் பார்த்து வீடு முழுக்கக் காட்டிச் சிரிச்சேன். சாயங்காலம் உங்க மூணு கடுதாசியையும் திரும்ப எடுத்துப் படிச்சேன். "மாத்திரை வீட்டில் இருக்கிறது." யார் கேட்டா அது எங்க இருக்குன்னு?

எதுனால விரல் மடங்கலையோ அதை நீங்க நிறுத்திட்டீக. அதான் விரல் மடங்குது, தூக்கம் வருது, அண்ணன் வருது. நான் சொல்றது தப்புன்னா என்னைத் திட்டி எழுதுங்க. சந்தோசமா வாங்கிக்கிறேன்.

மலையம்மா

கோயம்புத்தூர்
29.10.2024

மதினிக்கு,

பதினேழு நாளாச்சு. தபால்காரர் தெருமுனையில திரும்பும்போதே வாசலுக்கு வந்து நிக்கிறேன். அவரும் பாவம், கையை விரிச்சுக் காட்டிட்டுப் போறாரு.

நாளை மறுநாள் தீபாவளி. உங்களுக்குச் சேலை எடுத்து வச்சிருக்கேன். ரேணுகாகிட்ட இன்னும் ஒன்னும் சொல்லலை. சொல்ல வச்சுராதீக. திட்டியாச்சும் ஒரு வரி போடுங்க.

மலையம்மா

அமராவதிபுதூர்
10.11.2024

அன்பு மலையம்மாவுக்கு,

நீங்கள் எல்லோரும் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் சாப்பிட்டுச் சந்தோஷமாக இருந்திருப்பீர்கள். ரேணுகா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். "முகத்துல தெளிச்சி வந்திருக்கும்மா" என்றாள். அவளும் உன்னை மாதிரியே ஏமாந்தாள்.

நீ எழுதியது சரி. உன்னைத் திட்ட எனக்கு ஒன்றுமில்லை.

வேண்டுமென்று ஆரம்பிக்கவில்லை. ஆடி பிறந்த சமயத்தில் மாத்திரை தீர்ந்துபோனது. வெயிலுக்குப் பயந்து கடைக்குப் போகாமல் நாலு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் மத்தியானம் என்னை அறியாமல் தூங்கினேன். பிறகு வாங்கி வந்து போட்டேன், தூக்கம் போனது. நிறுத்தினேன், வந்தது. பத்துப் பதினைந்து நாளில் விரலும் மடங்கியது. அப்புறம் அவரும் வந்தார். ஐந்து வருஷம் வேண்டுமா, ஒரு மத்தியானம் வேண்டுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எனக்கு மத்தியானம்தான் வேண்டியிருந்தது. ஐந்து வருஷத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நான் என்ன செய்யப்போகிறேன், சொல்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாத்திரையைப் பிரித்து உன் அண்ணனுடைய தோல்பையில் போட்டுவிடுவேன். அட்டை காலியாக இருக்க வேண்டுமே, ரேணுகா வந்தால் பார்ப்பாள். எண்ணெய் வந்தது என்று எழுதியது பொய். யாராவது ஒரு பொருளை அனுப்பியதாகச் சொன்னால், வரவில்லை என்று சொல்லி அவர்கள் மனதைக் கஷ்டப்படுத்துவது நம் வீடுகளில் வழக்கமில்லையே. அந்த வழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

உன்னிடம் இன்னொன்றையும் மறைக்கவில்லை. இப்போது ரயில்வே கேட் வரைக்கும் போகிறோம். கேட் மூடியிருக்கிறது. அவர் இறங்குவதில்லை, வண்டியை அணைப்பதும் இல்லை. காலை ஊன்றிக்கொண்டு காத்திருக்கிறார். அந்தப் பக்கம் ரோடு வெள்ளையாக, பனி மாதிரி, ஆனால் குளிரே இல்லாமல் கிடக்கிறது. தண்டவாளம் அதிர ஆரம்பித்துவிட்டது. ரயில் ஒன்று போக வேண்டியதுதான் பாக்கி, கேட் தூக்கிவிடுவார்கள்.

எனக்குப் பயமில்லை. அதைத்தான் நீ நம்ப மாட்டாய். ரேணுகாவிடம் சொல்லாதே. அழாதே.

உன் மதினி,
உமையாள்

கோயம்புத்தூர்
14.11.2024
ஸ்பீட் போஸ்ட்

மதினி,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. அழாதேன்னு எழுதினா அழுகை நின்னுருமா? மருமக பயந்துபோய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தா.

அண்ணனுக்கும் உங்களுக்கும் நடுவுல நான் வரக்கூடாதுதான். ஆனா வருவேன். எனக்கு உரிமை இருக்கு. உங்க கல்யாணத்தன்னைக்கு நான் பதினாறு வயசுப் பிள்ளை, தாவணி கட்டி உங்களுக்குப் பின்னால நின்னேன். அண்ணன் ஒரு முடிச்சுப் போட்டுட்டு கையை எடுத்துருச்சு. மத்த ரெண்டையும் யார் போட்டது? நாத்தினா நான்தான். "இறுக்கிப் போடு பிள்ளை"ன்னு எல்லாரும் கத்த, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டேன். அண்ணன் ஒரு முடிச்சுக்காரர். நான் ரெண்டு முடிச்சுக்காரி. ஒத்தை முடிச்சுக்காரர் வண்டியைத் தட்டினா ஏறிப் போயிருவீக, ரெண்டு முடிச்சுக்காரி இங்க கெடந்து கத்துறது உங்களுக்குக் கேக்கலையா? காது போனது எனக்கா, உங்களுக்கா?

அண்ணன் செத்துப்போன பதினாறாம் நாள் என்னைத்தான் முடிச்சை அவுக்கச் சொன்னாக. மாட்டேன்னுட்டேன். ஞாபகம் இருக்கா? அப்புறம் யாரோ கத்தரிக்கோல் கொண்டாந்து கயித்தை நறுக்கினாக. நறுக்கினாக, மதினி. முடிச்சை யாரும் அவுக்கலை. நான் போட்டது இன்னும் அவுறாமத்தான் இருக்கு.

இந்த வீட்டைப் பத்தி உங்களுக்கு நான் எழுதினதில்லை. எல்லாரும் நல்லவுகதான். ஆனா எல்லாரும் வாயை அசைக்கிறாக, எனக்கு ஒன்னும் விழுகிறதில்லை. சிரிக்கிறாக, எதுக்குன்னு தெரியாம நானும் சிரிக்கிறேன். உங்க கவர் வர்ற அன்னைக்குத்தான் என்கிட்ட ஒரு ஆள் பேசுது. நீங்க கேட்டைத் தாண்டிப் போயிட்டா நான் யாருக்கு எழுதுறது? ஐந்து வருஷத்தை வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு கேட்டீகள்ல? எனக்குக் கடுதாசி எழுதுங்க. அது வேலை இல்லையா?

நான் கேக்குறது ரெண்டுதான். ஒன்னு, டாக்டரம்மாகிட்டப் போய் விரலையும் தூக்கத்தையும் வாயைத் திறந்து சொல்லணும். மாத்திரையை நிறுத்தினதையும் சொல்லணும். வெக்கப்பட்டா நான் பஸ் ஏறி வந்து கூட உக்காந்து சொல்லுவேன், ஆஸ்பத்திரி பூராவும் கேக்கும். ரெண்டு, அடுத்த தடவை அண்ணன் கேட் முன்னால நிக்கும்போது நீங்க இறங்கணும். தங்கச்சி இறங்கச் சொல்லுச்சுன்னு சொல்லுங்க. என் பேரைச் சொன்னா அது ஒன்னும் பேசாது.

பதில் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

மலையம்மா

அமராவதிபுதூர்
12.12.2024

அன்பு மலையம்மாவுக்கு,

சாப்பிட்டாயா? இதைக் கேட்காமல் வேறெதுவும் எழுதக் கை வரவில்லை. கை என்றா சொன்னேன், அதன் லட்சணத்தைத்தான் பார்க்கிறாயே. இந்தப் பக்கத்தை எழுத மூன்று நாள் ஆனது.

உன் கடிதம் வந்ததும் கோபம்தான் வந்தது. இவள் யார் என்று மடித்து வைத்துவிட்டேன். பதினோரு நாள் திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தபோது கழுத்துப் பிடரியைத் தொட்டேன். அங்கே ஒன்றுமில்லை. ஆனால் நீ அன்றைக்கு இறுக்கிய இறுக்கில் மூச்சு முட்டியதும், உன் விரல் சில்லென்று இருந்ததும் அப்படியே நினைவு வந்தது. மறுநாள் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோல்பையையும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "இத்தனை மாசமும் வேற தொந்தரவு இருக்கான்னு கேட்டேனே, ஒன்னும் இல்லைன்னு சொன்னீங்களேம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வலி பல பேருக்கு வருவதுதானாம். சொன்னால் மாற்று உண்டாம். சோதித்துப் பார்த்ததில் இப்போதைக்குப் பயமில்லை என்றார். மாத்திரையை மாற்றியிருக்கிறார், காலையில் போட வேண்டும். இதிலும் கொஞ்சம் வலி இருக்கும், விடாமல் மூன்று மாதம் பார்ப்போம் என்றார். மனசுக்கென்று அங்கேயே ஒரு அம்மா இருக்கிறார். மாதம் ஒரு தடவை அவரிடம் முக்கால் மணி நேரம் பேச வேண்டும். கனவைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார், உன் கடிதத்தைப் போல. ரேணுகாவிடமும் நானே சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் மாத்திரையைக் கேட்ட பிறகும் போனை வைக்காமல் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இனி உனக்குப் பதில் சொல்ல வேண்டிய விஷயம். மதுரை போய் வந்த மறுநாள் மத்தியானம் கடைசியாகத் தூங்கினேன். கேட் முன்னால் நின்றோம். ரயில் போய்க்கொண்டிருந்தது, முடிவே இல்லாத ரயில், எல்லாப் பெட்டியிலும் விளக்கு. நான் இறங்கிவிட்டேன். "மலையம்மா இறங்கச் சொன்னா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "எப்படி இருக்கா?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கா, காது மட்டும் கேக்காது" என்றேன். "அதான் நான் வந்து வந்து பேசினது அவளுக்குக் கேக்கலையோ" என்றார். வந்திருக்கிறார், மலையம்மா. உன்னிடமும் வந்திருக்கிறார்.

நான் நடந்து திரும்பினேன். தூரம் அதிகம். தெரு விளக்கு ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தது. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு தடவை பார்த்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், ஆசை போகவில்லை. இன்றைக்கும் மத்தியானமானால் காது வாசலுக்குப் போகிறது. மாத்திரையை ஒரு நாள் விட்டால் என்ன என்று மனசு கேட்கிறது. அதனால் கொல்லைப்பக்கம் போய்ச் சாக்கை எடுத்து, வண்டியிலிருந்து சாவியைக் கழற்றினேன். இந்தக் கவருக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இங்கே இருக்க வேண்டாம். என்னிடம் இருந்தால் நான் ஏறிவிடுவேன். நீ வைத்துக்கொள்.

உன் மதினி,
உமையாள்

கோயம்புத்தூர்
19.12.2024

மதினிக்கு மலையம்மா கும்பிட்டு எழுதிக்கிறது. சாப்பிட்டேன். இன்னைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உங்க கவர் வந்துச்சு. விலாசம் வாசிக்க முடியாம தபால்காரர் தெருவெல்லாம் விசாரிச்சு, கடைசியில என்கிட்டயே கொண்டாந்து நீட்டினாரு. மேற்க போற வரி கிழக்க போகுது, ஒரு எழுத்து மேல நிக்குது, ஒன்னு கீழ விழுகுது. இப்படி ஒரு எழுத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணுல ஒத்திக்கிட்டேன், மதினி.

அண்ணன் சொன்னதை நாலு தடவை படிச்சேன். வந்து பேசியிருக்கு. என் காதுதான் சதி பண்ணியிருக்கு. இனிமே வந்தா எழுதிக் காட்டச் சொல்லணும்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னாலயே வாரேன். வேல்பாண்டி காரைக்குடி பஸ்ல ஏத்திவிடுவான், எண்ணெய்ப் பாட்டிலை இந்தத் தடவை நானே மடியில வச்சுக் கொண்டாருவேன். மாசி வரைக்கும் அங்கதான். பகலெல்லாம் உங்களைத் தூங்க விடாம பேசுவேன், நீங்க சிலேட்டுல எழுதிப் பதில் சொல்லுங்க, விரலுக்கும் நல்லது.

சாவி வந்து சேர்ந்துச்சு. மஞ்சள் கயித்துல கோத்து என் இடுப்புல கட்டிக்கிட்டேன். கல்யாணத்தன்னைக்கு அண்ணன் எனக்கு ரெண்டு முடிச்சுத்தான் விட்டுச்சு. இதுக்கு மூணையும் நானே போட்டுட்டேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு.

நாளைக் காலையில மாத்திரையைப் போட்டுட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க. கோணலாவே இருக்கட்டும்.

மலையம்மா